குள்ளன் கையில் கோடாலி

அகிலாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குத் தர்மன் கடை வாசலில் போய் நின்றான். தலைப்பாகையை வைத்துக்கொண்டான். ஜரிகைக் கரை வைத்த நீலக் கோட்டை மாட்டிக்கொண்டான். முதல் கார் வந்து நின்று நாலு பெண்கள் இறங்கினார்கள். தர்மனின் கைகள் குவிந்தன, உதடுகள் விரிந்தன. "வாங்க வாங்க, வணக்கம்" என்று வாய் சொன்னது. பெண்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே அவன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

முதலாளி கண்ணாயிரம் உள்ளேயிருந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி செத்தவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால் என்ன செய்வது என்று இரண்டு நாளாக அவருக்கு உள்ளூரக் கவலை. பத்து நிமிஷம் பார்த்தார். சிரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவர் நிம்மதியாகப் போய் உட்கார்ந்தார்.

பெரிய காஞ்சிபுரத்தில், காமாட்சியம்மன் கோயிலுக்குத் திரும்பும் வழியில் இருக்கும் மூன்று மாடிப் பட்டுக்கடை அது. தர்மன் மூன்றடி பதினோரு அங்குலம். பதினாலு வருஷமாக அந்த வாசலில் நிற்கிறான். வருகிறவர்களைக் கும்பிட வேண்டும், போகிறவர்களைக் கும்பிட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை அப்பா அம்மாக்கள் அவன் பக்கத்தில் நிறுத்தி யார் உயரம் என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் பிள்ளைதான் ஜெயிக்கும்.

அகிலா புடவைக்குக் குஞ்சம் முடிகிறவள். முடித்த புடவைகளை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு அதே வாசல் வழியாகத்தான் கடைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். அவன் கும்பிடும்போதெல்லாம் மற்றவர்கள் சிரிப்பார்கள், இல்லை பார்க்காத மாதிரி போவார்கள். அவள் மட்டும் நின்று, "சாப்டியா?" என்று கேட்பாள். அப்படித்தான் தொடங்கியது. ஒன்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். குழந்தை இல்லை. ஐப்பசியில் ஒரு காலை, குழாயடியில் குடத்தைத் தூக்கியவள் தலை வலிக்கிறது என்று சொல்லி அப்படியே உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார் டாக்டர். முப்பத்தெட்டு வயது.

தர்மன் அழவில்லை. அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டதும் இல்லை. வரவே இல்லை. காலையில் எழுந்தான், பல் துலக்கினான், சோறு வடித்தான், கடைக்கு வந்தான். யாராவது டீ வேண்டுமா என்று கேட்டால் சரி என்றான். மழை வரும்போல இருக்கிறதே என்றாலும் சரி என்றான். அந்த மாதங்களில் அவன் அதிகம் பேசிய வார்த்தை அதுதான்.

சத்யப்ரியா கடைக்கு வந்தபோது மார்கழி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. பிள்ளையார்பாளையத்துப் பெண். இருபத்தேழு வயதிருக்கும். சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே படம் வரைந்து கொடுக்கிறவள். அவள் புடவை பார்க்க வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. ஒரு வேல விஷயமா பேசணும்."

"சொல்லும்மா."

"நாங்க ஒரு கேம் பண்றோம். அதுல குள்ளருங்க கூட்டம் ஒண்ணு வருது. மலைக்கு அடியில சொரங்கம் தோண்டுறவங்க. ஒயரமா இருக்கறவங்கள நடக்க வெச்சு, அத கம்ப்யூட்டர்ல சின்னதாக்கிப் பாத்தோம். கொழந்தைங்க வேஷம் போட்டுக்கினு ஓடறாப்பல இருக்குது. அதான்..."

"நான் நடந்து காட்டணுமா?"

"நடக்கணும், உக்காரணும், விழணும். சண்ட போடணும்."

"யாரு கூட?"

"யாரும் இருக்க மாட்டாங்கண்ணா. காத்து கூடத்தான்."

"சரிம்மா" என்றான் தர்மன்.

வேறு சமயமாயிருந்தால் அகிலாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருப்பான். அப்படிச் சொல்ல வாய் திறந்ததா என்பதுகூட அவனுக்கு நினைவில்லை. கல்யாணம் இல்லாத மாதம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாயிரம் நாலு நாள் போய் வரச் சொன்னார்.

ஓரிக்கையில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோரம் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. மேடையில் முந்தின கல்யாணத்தின் காய்ந்த வாழை நார் இன்னும் தொங்கியது. சென்னையிலிருந்து பாலாஜி என்பவன் வந்திருந்தான். முப்பது வயது, கழுத்தில் ஹெட்போன். எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வது அவன் வேலை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது சத்யப்ரியாவின் வேலை.

தர்மனின் உடம்பில் தலை, தோள், முழங்கை, இடுப்பு, முட்டி என்று பதினேழு இடங்களில் தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டிகளைப் பட்டையால் கட்டினார்கள். அவன் அசைந்தால் அந்த அசைவு அப்படியே கம்ப்யூட்டருக்குள் போகும் என்றாள் சத்யப்ரியா. பட்டைகள் எல்லாம் பெரிதாக இருந்தன. மடித்து ஊக்கு குத்தினாள். பிறகு டேப் எடுத்து அவன் கை, கால், தொடை எல்லாவற்றையும் அளந்து எண்களைத் தட்டினாள். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது.

"ஏத்துக்க மாட்டேங்குது" என்றாள் பாலாஜியிடம். "இவ்ளோ சின்ன கை இருக்காதுன்னு சொல்லுது."

தர்மன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். அரைமணி நேரம் போராடி, எப்படியோ கம்ப்யூட்டரை ஒத்துக்கொள்ள வைத்தாள்.

முதல் நாள் முழுக்க நடை. மெதுவான நடை, வேகமான நடை, மூட்டையோடு நடை, படியேறுவது. மத்தியானத்துக்கு மேல் விழுவது. மெத்தை போட்டிருந்தார்கள். முன்னால் விழுந்தான், பின்னால் விழுந்தான், பக்கவாட்டில் விழுந்தான். எண்ணிக்கை இருபதைத் தாண்டியபோது பாலாஜி, "வலிக்குதா சார்?" என்று கேட்டான். இல்லை என்றான் தர்மன். உண்மையிலேயே வலிக்கவில்லை. முட்டி சிவந்திருந்தது. வலித்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாள் ஆயுதங்கள் வந்தன. பிளாஸ்டிக் குழாயில் பஞ்சு சுற்றிச் செய்த ஒரு கோடாலி, ஒரு சம்மட்டி. பாலாஜி ஒரு தாளைப் பார்த்துப் படித்தான். கோடாலி வீச்சு எட்டு வகை. சம்மட்டி வீச்சு ஆறு வகை.

"கத்தி கெடையாதா தம்பி?"

"கத்தி மனுஷங்களுக்கு சார். வில்லு, அந்த ஒயரமா, ஒல்லியா, காது கூரா ஒரு கூட்டம் காட்டுல இருப்பாங்க, அவங்களுக்கு. குள்ளருன்னா கோடாலி, சம்மட்டி. அவ்ளோதான்."

"ஏன்?"

பாலாஜி யோசித்தான். "அது அப்பிடித்தான் சார். கத்தி குடுத்தா ஆடறவன் ஒத்துக்க மாட்டான். குள்ளன் கையில கத்தி என்னாத்துக்குன்னு கேப்பான்."

தர்மனுக்கு அதில் பெரிய அக்கறை ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. யாரோ எங்கேயோ உட்கார்ந்து, உனக்கு இது, உனக்கு இது என்று பிரித்துக் கொடுத்த மாதிரி. சாப்பாட்டு நேரத்தில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு சத்யப்ரியாவைக் கேட்டான்.

"நானும் இதுக்காகப் படிச்சேண்ணா" என்றாள் அவள். "வடக்க, பனி கொட்டுற நாடுங்க இருக்குதுல்ல, அங்க பழைய கதைங்க. அதுல குள்ளருங்க பாறைக்குள்ள, மலைக்குள்ள இருப்பாங்க. கொல்லருங்க. அங்கத்திய சாமிங்களுக்கு ஆயுதம் செஞ்சு குடுக்கறதே அவங்கதான். இடி சாமியோட சம்மட்டிய அவங்கதான் செஞ்சாங்க. இன்னொரு சாமியோட ஈட்டியும் அவங்கதான்."

"அவங்க சண்ட போடுவாங்களா?"

"நான் படிச்ச வரைக்கும் ரொம்ப இல்ல. செஞ்சு குடுப்பாங்க. மத்தவங்க எடுத்துக்கினு போயி சண்ட போடுவாங்க."

"அப்ப கோடாலி எங்கேர்ந்து வந்துது?"

"அது பிற்பாடு. நேத்து முந்தாநாள் மாதிரிதான், ஒரு நூறு வருஷம் இருக்கும். கதை எழுதினவங்க குள்ளருங்களப் படையா கெளப்பிக்கினு வந்தாங்க. கையில ஏதாவது குடுக்கணுமே. கொல்லன்னா சம்மட்டி. சொரங்கம் தோண்டறவன்னா பாறை ஒடைக்கற குந்தாலி. குந்தாலிக்கும் கோடாலிக்கும் எவ்ளோ தூரம். அந்த வடக்கத்தி ஆளுங்க பழங்காலத்துல சண்டைக்கே கோடாலி எடுத்துக்கினு போனவங்க, அதுவும் சேந்துக்கிச்சு. அப்பறம் வீட்ல ஒக்காந்து பகடை உருட்டி ஆடற ஆட்டம் ஒண்ணு வந்துது. அதுல குள்ளனுக்குக் கோடாலியும் சம்மட்டியும் தானா கைவரும்னு சட்டமே போட்டாங்க. அதப் பாத்து கம்ப்யூட்டர் கேம். ஒருத்தரப் பாத்து ஒருத்தர். யாரும் ஒக்காந்து முடிவு பண்ணலண்ணா."

தர்மன் ஒரு வாய் சாப்பிட்டான். "என்னையும் அப்பிடித்தான் நிக்க வெச்சாங்க" என்றான். "மெட்ராஸ்ல ஒரு ஓட்டல் வாசல்ல என்ன மாதிரி ஒருத்தன் தலப்பா கட்டிக்கினு நின்னானாம். மொதலாளியோட அப்பா பாத்துட்டு வந்தாரு. அந்த ஓட்டல்காரரு வேற எங்க பாத்தாரோ."

அவளைக் குத்த வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. ஆனாலும் சத்யப்ரியா அதற்கப்புறம் பொட்டலத்தைப் பார்த்தபடியே சாப்பிட்டாள்.

மத்தியானம் கோடாலி வீச்சு தொடங்கியது. பாலாஜி பஞ்சுக் கோடாலியை வாங்கித் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கி, முன்னால் பாய்ந்து இறக்கிக் காட்டினான். தர்மன் செய்து பார்த்தான். அவன் கை உச்சந்தலைக்கு மேல் இரண்டு விரற்கடைதான் போகும். குழாய் தலைப்பாகை மாதிரி மண்டையில் உட்கார்ந்தது. இன்னொரு முறை செய்தான். மூன்றாம் முறையும் செய்துவிட்டு, குழாயைக் கீழே வைத்தான்.

"தம்பி, இது பொய்யி."

"எது சார்?"

"கனமே இல்ல. கனம் இல்லாத கோடாலிய எப்பிடி வீசறது?"

அவன் பதிலுக்குக் காத்திருக்காமல் மண்டபத்தின் பின்கட்டுக்கு நடந்தான். சமையல்கூடத்துக்கு வெளியே புளியங்கட்டையும் சவுக்குமாக விறகு குவிந்து கிடந்தது. எல்லாக் கல்யாண மண்டபத்திலும் கிடக்கும். அதன் மேல் ஒரு கோடாலி சாய்ந்திருந்தது. பாலாஜியும் சத்யப்ரியாவும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள்.

பட்டுக்கடைக்கு வருவதற்கு முன் எட்டு வருஷம் தர்மன் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு விறகுத்தொட்டியில் வேலை பார்த்தவன். ஓட்டல்களுக்கும் கல்யாணங்களுக்கும் விறகு பிளந்து கொடுக்கும் இடம். ஓட்டல்கள் எல்லாம் கேஸுக்கு மாறியபின் தொட்டியை மூடிவிட்டார்கள். கடையில் அவனைச் சேர்த்துக்கொண்டபோது யாரும் என்ன வேலை தெரியும் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

புளியங்கட்டை ஒன்றை நிறுத்தினான். காம்பு நீளமாக இருந்ததால் இரும்புக்குக் கிட்டே ஏற்றிப் பிடித்தான். வலது காலைப் பின்னால் ஊன்றினான். கோடாலி தலைக்கு மேல் போகவே இல்லை. பின்னங்காலுக்கு அருகிலிருந்து கிளம்பி, தோளைச் சுற்றி, இடுப்பு திரும்பத் திரும்ப அதுவும் திரும்பி இறங்கியது. கட்டை இரண்டாக விழுந்தது. அடுத்ததை நிறுத்தினான். அதுவும் விழுந்தது. ஐந்தாவது கட்டையில் முடிச்சு இருந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டான்.

"இதுக்குக் கோடாலி ஆவாது. ஆப்பு வெச்சு சம்மட்டியால அடிக்கணும்."

"சம்மட்டியும் அடிப்பீங்களா சார்?" என்றான் பாலாஜி.

"ரெண்டுந்தான் எங்க வேல."

கட்டையின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். பிறகு, யாரும் கேட்காமலேயே பேசினான். "கத்தின்னா கை நீளம் வேணும். எதிர்ல நிக்கறவன் வரைக்கும் நுனி போய்ச் சேரணும். என் கை போறதுக்குள்ள அவன் வெட்டிட்டு வீட்டுக்கே போயிடுவான். வில்லுன்னா நாண இழுக்கறதுக்கு நெஞ்சும் கையும் நீண்டிருக்கணும். கோடாலிக்கு அதெல்லாம் வேணாம். கனம் நுனியில ஒக்காந்துக்கினு இருக்குது. கெளப்பி வுட்டா அதுவா போவும். நாம வழி காட்டினாப் போதும். இடுப்பு கெட்டியா இருக்கணும், தரைக்குக் கிட்ட இருக்கணும். ஒயரமானவன் குனிஞ்சு குனிஞ்சு வெட்டி முதுகு புட்டுக்கும். நான் குனியவே வேணாம்."

"ஆனா கோடாலின்னாலும் எதிராளி கிட்ட போனாத்தானண்ணா வெட்ட முடியும்?" என்றாள் சத்யப்ரியா.

"கிட்ட போறது எப்பவும் நம்ம வேலதான்மா. நம்ம கிட்ட யாரு வரா."

பாலாஜி பேனாவை எடுத்தான். தாளில் எழுதியிருந்த எட்டு வகை வீச்சையும் அடித்துவிட்டு, தர்மன் பிளப்பதை அப்படியே பதிவு செய்தான். சாயங்காலத்துக்குள் பாதிக் குவியல் பிளந்து முடிந்தது. பட்டைகளை அவிழ்க்கும்போது சத்யப்ரியா, "அண்ணா, கை" என்றாள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்திருந்தது. காம்பிலும் இருந்தது. தர்மன் அதைப் பார்த்தான். வேறு யாருடைய கையையோ காட்டிச் சொல்கிற மாதிரிதான் இருந்தது. சரி என்றான்.

மூன்றாம் நாள் கடைசிக் காட்சிகள். முதலில் ஜெயித்துச் சிரிப்பது. அதை ஒரே தடவையில் முடித்தான். பாலாஜி கைதட்டினான். அடுத்ததுக்குப் போனார்கள்.

"இவரு சொரங்கத்துக்குத் திரும்பி வராரு சார். வந்து பாத்தா இவரோட ஆளுங்க எல்லாரும் செத்துக் கெடக்கறாங்க. பாக்கறாரு. கோடாலிய கீழ வெக்கறாரு. மண்டி போடறாரு. ஓன்னு அழறாரு. இருவது செகண்டு போதும்."

நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தரையில் படுக்கப் போட்டுப் பிணங்கள் என்று வைத்தார்கள். தர்மன் நடந்து வந்தான். பார்த்தான். குனிந்து கோடாலியை வைத்தான். நிமிர்ந்தான்.

அவன் கைகள் இரண்டும் தாமாக மேலே எழும்பத் தொடங்கின.

என்ன செய்யப்போகின்றன என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கும் இதைத்தான் செய்தன. ஆஸ்பத்திரியிலிருந்து அகிலாவைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தெருமுனையில் ஆட்டோக்கள் வந்து நிற்க நிற்க, சொந்தக்காரர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். தர்மன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொருவராக வரவர அவன் கைகள் குவிந்தன, உதடுகள் விரிந்தன. வாங்க, வாங்க. அகிலாவின் அக்கா சங்கரி படியில் கால் வைத்தவள் அப்படியே நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். "சிரிக்கறியா நீ?" என்று கேட்டாள். எதிரே நின்ற ஆம்புலன்ஸின் கண்ணாடியில் அவனும் பார்த்தான். சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அதிர்ச்சியில் அப்படி என்று யார் யாரோ சொன்னார்கள். சங்கரி அதற்கப்புறம் அவனோடு பேசவில்லை. காரியத்துக்கு வந்தபோதும் பேசவில்லை.

கைகள் வயிற்றளவு எழும்பியதும் தர்மன் அவற்றை நிறுத்தினான். நிறுத்துவதற்கு உடம்பிலிருந்த பலம் மொத்தமும் வேண்டியிருந்தது. பக்கவாட்டில் இறக்கிவிட்டான். பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. நின்றான்.

"மண்டி போடுங்க சார்" என்றான் பாலாஜி. தர்மனுக்குக் கேட்கவில்லை.

"சார்."

ரொம்ப நேரம் கழித்துப் பாலாஜி நிறுத்தச் சொன்னான். கிட்டே வந்து, கோபமில்லாமல்தான் சொன்னான். "ஃபீல் பண்ணுங்க சார். உங்க வீட்லயே யாரோ தவறிட்டாங்கன்னு நெனச்சுக்கங்க."

"எம் பொண்டாட்டி செத்து அறுவத்தெட்டு நாளாவுது தம்பி. அப்பவும் இப்பிடித்தான் நின்னேன். வேற தெரியாது."

பாலாஜி கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். போய் அந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தான். சத்யப்ரியா பட்டைகளை அவிழ்க்க வந்தாள். ஊக்கு ஒன்றைக் கழற்ற அவளுக்கு வெகுநேரம் ஆனது.

"சொல்லியிருந்தா கூப்ட்டே இருக்க மாட்டேண்ணா."

"நீ கேக்கலியேம்மா" என்றான் தர்மன். "யாரும் கேக்கல. நானும் சொல்லல."

தை பிறந்தது. முகூர்த்தங்கள் தொடங்கிக் கடையில் கூட்டம் நெரிந்தது. முதல் வாரம் தர்மன் வாசலில் நின்றான். இரண்டாவது வாரம் ஒரு காலை, தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாயிரத்தின் முன்னால் போய் நின்றான்.

"இனிமே வாசல்ல நிக்கல மொதலாளி. வேற வேல எதுனா குடுங்க."

"பதினாலு வருஷமா நிக்கற. இப்ப என்னாத்துக்கு?"

"கை எம்பேச்ச கேக்க மாட்டேங்குது. நான் சொல்லாமயே கும்புடுது."

"அது நல்லதுதானப்பா" என்றார் கண்ணாயிரம். அவருக்கு விளங்கவில்லை.

தர்மன் நின்றுகொண்டே இருந்தான். அவர் கெட்ட மனுஷர் இல்லை. கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தார். எப்போதும் இருக்கும் சிரிப்பு அங்கே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"என்ன வேல தெரியும் ஒனக்கு?"

"வெறகு பொளப்பேன்."

"பட்டுக்கடையில வெறகுக்கு எங்க போறது?" என்றார். பிறகு, "மேல பார்சல் கட்டறியா?" என்று கேட்டார்.

இரண்டாவது மாடியில், வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகும் புடவைகளைப் பெட்டியில் போட்டு ஒட்டும் பகுதி. மேஜை அவன் தாடை உயரத்துக்கு இருந்தது. இரண்டு நாள் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பார்த்தான். மூன்றாம் நாள் ஆசாரி ஒருவர் வந்து மேஜையின் நாலு கால்களையும் அறுத்துவிட்டுப் போனார். நல்ல தேக்கு என்று கண்ணாயிரம் முனகினார்.

பங்குனியில் ஒரு நாள் சத்யப்ரியா மாடியேறி வந்தாள். கையில் சிலேட்டு மாதிரி தட்டையான ஒரு கம்ப்யூட்டர். திரையில் இடுப்பு வரை தாடி தொங்கும் குள்ளன் ஒருவன். இரும்புக் குல்லாய், இரும்புச் சட்டை. பின்னங்காலை ஊன்றி, கோடாலியைத் தரைக்குக் கிட்டேயிருந்து கிளப்பி, தோளைச் சுற்றி இறக்கினான். எதிரே நின்ற ஏதோ ஒரு மிருகம் சாய்ந்தது.

"எல்லாரும் இதத்தான் நல்லா இருக்குதுன்றாங்கண்ணா. பாலாஜி சார் ஆபீஸ்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டினாரு."

தர்மன் பார்த்தான். தாடியும் இரும்பும் அவனுடையவை இல்லை. இடுப்பு அவனுடையது. "நல்லா இருக்குதும்மா" என்றான்.

"இன்னொண்ணு இருக்குது." அவள் தயங்கினாள். "அந்த அழுவற சீனு. அத வேணான்னுட்டாங்க. உணர்ச்சியே இல்லன்னு சொல்லிட்டாங்க. சென்னையில ஒருத்தர வெச்சு அழ வெச்சு எடுத்தாங்க. நான் சண்ட போட்டுப் பாத்தேண்ணா."

"வுடும்மா. எனக்குத்தான் வரலியே."

"நீங்க பாக்கணும்."

அவள் ஏதோ தட்டினாள். இந்த முறை தாடியும் இல்லை, சட்டையும் இல்லை. வெறும் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம். முகம் கிடையாது. சுற்றிலும் எதுவும் இல்லாததால் அது உயரமா, குள்ளமா என்றுகூடச் சொல்ல முடியாது. நடந்து வந்தது. குனிந்து எதையோ கீழே வைத்தது. நிமிர்ந்தது. கைகள் இரண்டும் மெதுவாக எழும்பின. வயிற்றுக்கு நேரே நின்றன. அங்கேயே நடுங்கின. அப்புறம் யாரோ பிடித்து இழுத்த மாதிரி கீழே இறங்கின. உருவம் நின்றது. நின்றது என்றுதான் தர்மன் இத்தனை நாளும் நினைத்திருந்தான். அது நிற்கவில்லை. ஆற்றுத் தண்ணீருக்குள் நிற்கிறவனைப் போல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. வலது தோள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. ஒரு முட்டி மடங்கிற்று. நிமிர்ந்தது. மறுபடி மடங்கிற்று. தலை ஒரு பக்கமாகத் திரும்பிற்று, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. அங்கே யாரும் இல்லை என்று தெரிந்து திரும்பி வந்தது.

"இன்னொரு வாட்டி போடும்மா."

போட்டாள். மூன்றாம் முறையும் அவன் கேட்டான்.

"இவன் அழுதுக்கினுதான இருக்கான்" என்றான் தர்மன்.

"ஆமாண்ணா."

"உணர்ச்சி இல்லன்னு எப்பிடிச் சொன்னாங்க?"

சத்யப்ரியாவின் கண் கலங்கியிருந்தது. தர்மனின் கண் கலங்கவில்லை. திரையை விட்டு நகரவும் இல்லை.

கீழேயிருந்து யாரோ, பெங்களூர் பார்சல் ரெடியா என்று குரல் கொடுத்தார்கள். தர்மன் பெட்டியை இழுத்து டேப்பை ஒட்டினான். கோணலாகப் போனது. பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினான். அதுவும் கோணலாகத்தான் போனது. இந்த முறை பிய்க்கவில்லை. அதை அப்படியே விட்டு அடுத்த பெட்டியை இழுத்தான்.